பரிசோதனைக்கூடப் படிப்பும் அதன் ஊதியமும்

நம் சங்க அங்கத்தினர்களின் இல்லங்களில் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய பிள்ளைகள் பலர் உளர். தறியிலும் கழனியிலும் பாடுபட்டுச் சேர்த்த பொருளைக் கொண்டு அவர்களை எப்படிப்பில் சேர்ப்பது என்னும் கேள்வி ஆண்டுதோறும் எழுகின்றது. மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிவதற்குரிய படிப்பைப் பற்றியும், அதனால் கிட்டும் ஊதியத்தைப் பற்றியும் ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

நூலின் நம்பரைச் சோதித்தறியாமல் நாம் பாவு ஓட்டுவதில்லை. அவ்வாறே மருத்துவரும் இரத்தம், சிறுநீர், சளி முதலியவற்றின் சோதனை முடிவைக் கண்ட பின்னரே பல நோய்களுக்கு மருந்தை முடிவு செய்கின்றார். காசநோயை எடுத்துக்கொள்வோம். நோயாளியின் சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சிவப்புச் சாயமேற்றி, அமிலத்தால் கழுவுவர். மற்றவற்றின் சாயம் போய்விடும். காசநோய்க் கிருமியின் சாயம் மட்டும் போகாது. பின்னர் நீலச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், நீல நிறத்தின் நடுவே அக்கிருமிகள் சிவந்த சிறு குச்சிகள் போலத் தோன்றும். அதனைக் கண்டு எழுதுபவர் பரிசோதனைக்கூட நுட்பநர். அவர் கவனம் பிசகினால் நோயாளிக்கு மருந்தே கிட்டாமற் போகலாம்.

இத்தொழிலுக்கு மூவகைப் படிப்புகள் உள்ளன. ஓராண்டுச் சான்றிதழ் ஒன்று, டி.எம்.எல்.டி. எனப்படும் ஈராண்டுப் பட்டயம் மற்றொன்று; பி.எஸ்ஸி. பட்டம் மூன்றாவது. வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒரே வேலைக்கு வழி காட்டுவனவாகத் தோன்றினும், ஊதியத்தில் பெருத்த வேற்றுமை உண்டு.

இரயில்வே நிர்வாகம் 2024-ஆம் ஆண்டு விடுத்த அறிவிப்பை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பயின்று, பட்டயமோ சான்றிதழோ பெற்றவர்க்கு உரிய ஆய்வக உதவியாளர் பணிக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் ரூ. 21,700. பரிசோதனைக்கூடத் துறையில் பட்டம் பெற்றவர்களும், உரிய அறிவியல் பட்டத்துடன் பட்டயமும் பெற்றவர்களும் விண்ணப்பிக்கத்தக்க ஆய்வகக் கண்காணிப்பாளர் பணிக்கு ரூ. 35,400. அகவிலைப்படி முதலியன இவற்றுக்குப் புறம்பானவை. அடிப்படையில் மட்டும் மாத வித்தியாசம் ரூ. 13,700 ஆகின்றது.

ஆயினும் இத்தொகையை மட்டும் கண்டு மயங்குதல் கூடாது. அந்த அறிவிப்பில் இடம்பெற்ற 1,376 காலியிடங்களில் செவிலியர் கண்காணிப்பாளர்க்கு 713 இடங்கள் இருந்தன. மேற்கூறிய பரிசோதனைக்கூடப் பணிகள் இரண்டுக்கும் சேர்த்து 121 இடங்களே இருந்தன. தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வாயிலாகவும் அரசு மருத்துவமனைகளுக்கு ஆட்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அங்கு விண்ணப்பிக்குங்கால், அப்பணி காலமுறைச் சம்பளம் உடையதா, தொகுப்பூதியம் உடையதா என்று பார்த்தல் வேண்டும். தொகுப்பூதியம் என்பது படிகளும் ஆண்டு உயர்வும் தனித்தனியே சேராத ஒரே தொகையாகும். தனியார் கூடங்களிலோ எல்லோர்க்கும் பொதுவான சம்பள விகிதம் கிடையாது. ஊரும், நிறுவனமும், கைத்தேர்ச்சியும் நோக்கி அது வேறுபடும்.

ஆகவே, பணம் கட்டுமுன் படிப்பின் தகுதியை அறிதலே முதற்கடமை. 2021-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைமருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இத்தொழிலையும் தன்னுள் அடக்கியுள்ளது. இணைமருத்துவத் தொழிலருடைய படிப்பு இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் 2,000 மணி நேரத்துக்குக் குறையாமல் நடைபெற்றிருத்தல் வேண்டும் என அது கூறுகின்றது. தகுதியுடையோர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கும் வகை செய்துள்ளது. சில மாதங்களில் படிப்பை முடித்து உடனே வேலை தருவதாகக் கூறும் விளம்பரங்களை இவ்வளவுகோலால் அளந்து பார்த்தல் எளிது.

பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் நான்கு வினாக்களை எழுப்புவாராக. சான்றிதழ் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசுத் துறை? படிப்பின் காலமும் மொத்த மணி நேரமும் எவ்வளவு? எந்த மருத்துவமனையில், எத்தனை மாதம் கைப்பயிற்சி? கட்டணம் அனைத்துக்கும் இரசீது உண்டா? இவற்றுக்கு எழுத்து மூலம் விடை தர மறுக்கும் நிறுவனத்தில் நம் பணத்தை இடுவது முறையன்று.

இத்தொழிலின் சிரமங்களையும் மறைப்பதற்கில்லை. பெரிய மருத்துவமனைகளில் இரவு முறை உண்டு. பிறர் இரத்தத்தைக் கையாளுவதால் தொற்று அபாயமும் உண்டு; கையுறை அணிதலும், மஞ்சட்காமாலை பி வகைக்குத் தடுப்பூசி இட்டுக்கொள்ளுதலும் இன்றியமையாதவை. பொறுமையும் கூரிய கண்ணும் உள்ள பிள்ளைகளுக்கு, ஆண் பெண் என்ற வேறுபாடின்றி, இது ஏற்ற தொழிலே. நகையை அடகு வைத்தும் கடன் பெற்றும் படிக்க வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அக்கடன் பயன் தருவதும் சுமையாவதும் சேருமுன் செய்யும் விசாரணையைப் பொறுத்தது என்பதை அங்கத்தினர்கள் மனத்திற் கொள்வார்களாக.