வழக்குக் கேட்டு எழுதிய கட்டுரை

நாளிதழின் நடுப்பக்கத்துக்கு வரும் கட்டுரைகளைச் செப்பனிடுவது என் வேலை. பாதிக் கட்டுரைகள் "சம்பந்தப்பட்டவர்கள் ஆவன செய்ய வேண்டும்" என்றே முடியும். யார் அந்தச் சம்பந்தப்பட்டவர்? என்ன செய்ய வேண்டும்? இதைச் சொல்லாத கட்டுரை எத்தனை சூடாக இருந்தாலும் வீண் என்பது என் கட்சி. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் காட்டுவது பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஜோலாவை.

1898 ஜனவரி 13 அன்று, பாரிஸின் 'லொரோர்' நாளிதழ் அவருடைய பகிரங்கக் கடிதத்தை முதல் பக்கத்தில் வெளியிட்டது. 'நான் குற்றம் சாட்டுகிறேன்' என்று தலைப்பிட்டவர் அங்கே எழுதிவந்த கிளெமான்ஸோ. ஜெர்மனிக்கு ராணுவ ரகசியம் கொடுத்ததாக, கேப்டன் டிரைஃபஸ் என்ற யூத அதிகாரி 1894இல் தண்டிக்கப்பட்டு டெவில்ஸ் தீவில் அடைபட்டிருந்தார். உண்மைக் குற்றவாளியான எஸ்டர்ஹாஸியை ராணுவ நீதிமன்றம் இரண்டு நாள் முன்புதான் விடுவித்திருந்தது.

இந்த அநீதியைப் பற்றிய கடிதம் ஜனாதிபதி ஃபெலிக்ஸ் ஃபோருக்கு. தொடக்கத்தில் நன்றியும் பணிவும். உங்கள் பெயருக்குக் களங்கம் வருகிறதே என்ற கவலை. பிறகு வழக்கின் கதை, நிதானமாக, நீளமாக. கடைசியில்தான் 'குற்றம் சாட்டுகிறேன்' என்று அடுக்குகிறார். அமைச்சர்கள், தளபதிகள், கையெழுத்து நிபுணர்கள் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி. மேடைப் பேச்சு போலக் காதில் விழும் அந்த அடுக்கில் ஒவ்வொரு வரியும் அவதூறு வழக்குக்குப் போதுமானது. 1881ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தின் 30, 31ஆம் பிரிவுகளில் தான் சிக்குவது தெரியும் என்றும் அவரே எழுதிவிடுகிறார். ராணுவம் கதவைச் சாத்திக்கொண்டு விசாரிக்கும். அவதூறு வழக்கோ ஜூரிகள் முன்னிலையில், ஊரறிய நடக்கும். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அரசுக்கும் அது புரிந்தது. எஸ்டர்ஹாஸி விடுதலையைப் பற்றிய சில வரிகளுக்கு மட்டும் வழக்குப் போட்டது. டிரைஃபஸ் பற்றிய கேள்விகளை நீதிபதி தடுத்துக்கொண்டே இருந்தார். ஓராண்டுச் சிறை, 3,000 ஃபிராங்க் அபராதம் என்று தீர்ப்பானது. ஆனால் அந்த விசாரணையில் ஜெனரல் பெல்லியே, டிரைஃபஸின் குற்றத்துக்கு உறுதியான ஆவணம் ஒன்று இருப்பதாகச் சொல்லிவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் அது போலி என்று அம்பலமானது. அதைத் தயாரித்த ஆன்ரி என்ற அதிகாரி ஒப்புக்கொண்டு, மறுநாள் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஜோலாவின் குற்றப் பட்டியலில் இந்த ஆன்ரி இல்லை. பழியில் பெரும்பங்கை டு பாட்டி என்ற வேறோர் அதிகாரிமேல் அவர் ஏற்றியிருந்தார்.

"தகவல் பிழையுள்ள கட்டுரையையா சார் மாதிரியாகக் காட்டுகிறீர்கள்?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. பிழையைப் பிழை என்று நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் தான் சொன்னதைச் சாட்சிகளோடு சோதித்துப் பார்க்கும் இடத்தை ஜோலா தன் செலவில், தன் தலையைக் கொடுத்துக் கேட்டார். ராணுவம் மறைத்ததும் அவர் தவறவிட்டதும் வெளியே வந்தது அந்தக் கதவு திறந்ததால்தான். 1906இல் டிரைஃபஸ் நிரபராதி என்று தீர்ப்பானபோது ஜோலா இறந்து ஏறக்குறைய நான்காண்டு ஆகியிருந்தது.