தேடிச் செல்லும் நடை

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் நோயாளிகளின் கையில் நாம் கொடுத்தனுப்பும் தாளில், மருந்துகளின் பெயர்களுக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: "தினமும் நடக்கவும்." எழுதுவதற்கு அது எளிய வரி, கடைப்பிடிப்பதற்கு அரிய வரி. எங்கே நடப்பது, எதற்காக நடப்பது, வழியில் மயக்கம் வந்தால் யார் பார்ப்பது என்னும் கேள்விகளுக்கு அந்தத் தாளில் விடை இல்லை. ஆகவே பலர் முதல் வாரம் நடந்துவிட்டு, இரண்டாம் வாரம் சாய்வு நாற்காலிக்குத் திரும்பிவிடுகின்றனர்.

கடலூர் முதுநகரைச் சேர்ந்த 64 வயதுப் பெரியவர் ஒருவரும் அப்படித்தான் இருந்தார். இதய அறுவை சிகிச்சை நல்லமுறையில் முடிந்து நான்கு மாதங்கள் ஆகியும் அவர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. "காயம் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை" என்று அவருடைய மகள் எங்களிடம் வருந்திச் சொன்னார். அவரை வெளியே அழைத்து வந்தது மருந்துமன்று, அறிவுரையுமன்று. 12 வயதுப் பேரன் தொடங்கிய ஒரு விளையாட்டு. அவ்விளையாட்டைப் பற்றியும், அதை நம் ஊரில் எவ்வாறு ஆடலாம் என்பதைப் பற்றியும் இவ்விதழில் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

வாளியில் தொடங்கிய வேட்டை

ஜியோகேச்சிங் என்று அதற்குப் பெயர். செயற்கைக்கோள் துணையுடன் ஆடப்படும் புதையல் வேட்டை என்று சொல்லலாம். ஒருவர் ஒரு சிறு பெட்டியை எங்கேனும் மறைத்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் அந்த எண்களைக் கொண்டு தேடிச் சென்று, பெட்டியினுள் இருக்கும் பதிவேட்டில் தம் பெயரை எழுதிவிட்டு, பெட்டியை முன்போலவே மறைத்துவைத்துத் திரும்ப வேண்டும். பெட்டியிலிருந்து ஏதேனும் பொருளை எடுத்தால், அதற்கு ஈடான ஒன்றை வைத்துவிட்டு வருவது மரபு.

இவ்விளையாட்டு பிறந்த நாள் துல்லியமாகத் தெரியும். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்கு அனுப்பிவந்த சமிக்ஞையில் பாதுகாப்புக் கருதி வேண்டுமென்றே ஒரு பிழை கலக்கப்பட்டிருந்தது. அதனால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை விலகியிருக்கக்கூடும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளின்டனின் ஆணைப்படி அந்தப் பிழை நீக்கப்பட்டது. அடுத்த நாளே, மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு காட்டுப் பாதையோரம் கறுப்பு வாளி ஒன்றைப் பாதி புதைத்துவைத்து, அதன் இட எண்களை இணையத்தில் அறிவித்தார். மூன்று நாள்களுக்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டனர். இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இவ்வாறு மறைந்திருக்கின்றன.

மாறிவந்த கருவி, மாறிவந்த ஆட்டம்

தொடக்க ஆண்டுகளில் இதை ஆட விலையுயர்ந்த கையடக்கக் கருவி தேவைப்பட்டது. வீட்டுக் கணினியில் இட எண்களைப் பார்த்து, தாளில் அச்சிட்டு, கருவியில் ஒவ்வோர் எண்ணாக அழுத்திப் பதிந்துகொண்டு புறப்பட வேண்டும். பெட்டியைப் பற்றிய குறிப்பு நேராகத் தரப்படுவதில்லை. ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளி மாற்றியெழுதிய புதிர்மொழியில் அது இருக்கும். வழியில் அமர்ந்து அதை அவிழ்ப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதி.

திறன்பேசிகள் வந்தபின் இவை யாவும் ஒரே செயலிக்குள் அடங்கிவிட்டன. தேடுபவர் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள பெட்டிகளை வரைபடமே காட்டிவிடும். எளிமை கூடியது, ஆயினும் பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு குறை உண்டு. முன்பெல்லாம் பெட்டியைக் கண்டவர்கள் தாம் வந்த வழியையும், பார்த்த பறவையையும், தவறிய திருப்பத்தையும் பக்கம் பக்கமாக எழுதுவார்களாம். இப்போது "கிடைத்தது, நன்றி" என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கின்றனர். மேலும், செயலியில் எல்லாப் பெட்டிகளையும் காணக் கட்டணம் செலுத்த வேண்டும். கட்டணமின்றிச் சேர்பவர்களுக்கு ஒரு பகுதி மட்டுமே தெரியும்.

மற்றொரு மாற்றம் நம் ஊருக்கு மிகவும் பயனுள்ளது. பெட்டியே இல்லாத வகைகள் தோன்றின. 2004 முதல் நடைமுறையில் உள்ள ஒரு வகையில், பாறை, மணல், ஆறு முதலான நில அமைப்பைப் பார்த்து ஒரு கேள்விக்கு விடை சொன்னால் போதும். அண்மைக் காலத்தில் வந்த வேறொரு வகையில், குறிப்பிட்ட இடங்களை ஒவ்வொன்றாக அடைந்து, அங்கே நின்றால் மட்டுமே தெரியக்கூடிய விடையைச் செயலியில் பதிய வேண்டும். வைப்பதற்குப் பொருளும் இல்லை. எடுப்பதற்குப் பொருளும் இல்லை.

நோயாளிகள் அறிய வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. ஒவ்வொரு தேடலுக்கும் இரண்டு மதிப்பெண்கள் தரப்படுகின்றன. ஒன்று, கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது. மற்றொன்று, வழி எவ்வளவு கடினம் என்பது. இரண்டும் 1 முதல் 5 வரை இருக்கும். வழிக்கான மதிப்பெண் 1 என்றால், சக்கர நாற்காலியிலேயே அவ்விடத்தை அடையலாம் என்று பொருள். நடைப்பயிற்சியைத் தொடங்குபவர்கள் இந்த எண்ணையே முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு தெருமுனையில் தொடக்கம்

பேரன் செய்தது இதுதான். பெட்டி ஒன்றையும் வைக்காமல், தாத்தாவின் வாட்ஸ்அப்புக்கு இரண்டு எண்களையும் ஒரு கேள்வியையும் அனுப்பினான். அந்த எண்கள் குறித்த இடம் வீட்டிலிருந்து 150 மீட்டரில் இருந்த தேநீர்க் கடை. "கடைக்கு எதிரே நிற்பது என்ன மரம்?" என்பது கேள்வி. பெரியவர் நாற்காலியை விட்டு எழாமலேயே "வேப்பமரம்" என்று விடை அனுப்பினார். "தவறு, தாத்தா" என்று மறுமொழி வந்தது.

நாற்பது ஆண்டுகளாகத் தாம் பார்த்துவந்த மரத்தைப் பற்றித் தம்மிடமே தவறு என்று சொல்வதா என்ற வீம்பில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். வேம்பு அங்கே இல்லை. அவர் வீட்டுக்குள் அடைந்திருந்த நான்கு மாதங்களில் அதை வெட்டிவிட்டு, அதே இடத்தில் ஒரு புங்கங்கன்றை நட்டிருந்தார்கள். கடைக்காரர் அவரைக் கண்டதும் எழுந்து வந்து பெஞ்சில் உட்காரவைத்தார். திரும்பி வரும்போது தாம் நடந்துவிட்டோம் என்பதே தமக்கு நினைவில்லை என்று அவர் எங்களிடம் சொன்னார்.

அடுத்தடுத்த இடங்களைப் பேரன் சிறிது சிறிதாகத் தள்ளிவைத்தான். தாயின் சொற்படி ஒரு நிபந்தனையும் விதித்தான்: ஒவ்வொரு நாளும் புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், வழியில் உடம்பு இருந்த விதம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். அதுவே அவர்களுடைய பதிவேடு. மறுபரிசோதனைக்கு வந்தபோது பெரியவர் அதை உடன் கொண்டுவந்தார். மூன்றாம் இடத்திற்குச் சென்ற இரண்டு நாள்களிலும் மூச்சு வாங்கியதாகவும், மாலையில் கணுக்கால் வீங்கியதாகவும் அதில் இருந்தது. வாய்மொழியாகக் கேட்டபோது அவர் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றே சொல்லியிருந்தார். நோட்டைப் படித்த மருத்துவர் மருந்தின் அளவை மாற்றினார். நடையின் தூரத்தைச் சில வாரங்களுக்குக் குறைத்தார். அந்த நோட்டு இல்லாதிருந்தால், அச்செய்தி அன்று எங்களை எட்டியிராது.

கடலூரில்: குண்டு விழுந்த எல்லை

சென்ற மாதம் ஒரு ஞாயிறு விடியற்காலையில், எங்களுள் நால்வர் அவருடனும் அவர் பேரனுடனும் தேவனாம்பட்டினம் சென்றோம். இம்முறை இட எண்களைத் தேர்ந்தவர் பெரியவர். விடை தேடியவர்கள் நாங்கள். கெடிலம் ஆற்றங்கரையில் புனித டேவிட் கோட்டை இருந்த இடத்திற்கு அவை எங்களைக் கொண்டுசேர்த்தன.

கேள்வி இது: "அளவுகோல் இல்லாமல் இந்த ஊரை அளந்தது எது?" விடை, பீரங்கி. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி இக்கோட்டையைச் செஞ்சியை ஆண்ட மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரையுள்ள நிலமும் சேரும் என்பது ஒப்பந்தம். பல திசைகளிலும் குண்டு சுடப்பட்டது; கடலூர் நகரமும் சுற்றியிருந்த ஊர்களும் கம்பெனியின் கைக்குச் சென்றன. குண்டு கிராமங்கள் என்று அவை அழைக்கப்பட்டன. 1756இல் ராபர்ட் கிளைவ் இக்கோட்டையின் ஆளுநராக இருந்தார். 1758இல் பிரெஞ்சுப் படை இதைக் கைப்பற்றி இடித்தது. குண்டு விழுந்த இடத்தை எல்லையாகக் கொண்டிருந்த ஊரில், இன்று கையில் உள்ள கைபேசி சில மீட்டர் பிழையோடு நாம் நிற்கும் இடத்தைச் சொல்கிறது என்று பெரியவர் பேரனுக்கு விளக்கியபோது, அவர் குரலில் மூச்சிரைப்பு இல்லை என்பதை எங்கள் செவிலியர் கவனித்துக்கொண்டார்.

சிதம்பரத்தில்: 79 பாகை 41 கலை

சிதம்பரம் நடராசர் கோயில், காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில், திருக்காளத்தி ஆகிய மூன்றும் ஒரே தீர்க்கரேகையில் உள்ளன என்று பலர் சொல்லக் கேட்டிருப்போம். வானும் மண்ணும் காற்றுமாக வணங்கப்படும் தலங்கள் இவை. இதை எவரும் தாமே சோதித்துப் பார்க்கலாம். கைபேசி வரைபடத்தில் அந்தந்தக் கோயிலின்மீது விரலைச் சற்று அழுத்திப் பிடித்தால் இட எண்கள் தோன்றும். மூன்றும் ஏறத்தாழ 79 பாகை 41 கலையை ஒட்டியே அமைகின்றன. வடக்கு தெற்காகச் சுமார் 260 கிலோமீட்டர் பரவியிருந்தும், கிழக்கு மேற்கில் அவற்றிடையே உள்ள விலகல் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. துல்லியமாக ஒரே கோடு அன்று; வியப்பதற்குப் போதுமான அளவு நெருக்கம். படுக்கையில் இருப்பவர்களும் இத்தேடலைச் செய்யலாம்.

எழுந்து நடக்க முடிந்தவர்களுக்குச் சிதம்பரத்தின் நான்கு தேர்வீதிகள் சமதளமான நல்ல வழி. கோபுர வாயில்களில் செதுக்கப்பட்டுள்ள 108 நடனக் கரணங்களில் நாளுக்கு ஒன்றைக் குறித்துக்கொண்டு தேடலாம். சற்றுத் தேறியவர்கள் குடும்பத்தோடு பிச்சாவரம் செல்லலாம். சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரத்தை அங்கே அலையாத்திக் காட்டில் காணலாம். 2004 ஆழிப்பேரலையின்போது கடலூர் மாவட்டக் கரையில், மரங்கள் அடர்ந்த பகுதிகளுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததென 2005இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. தில்லைப் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளையும். மரத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து வர வேண்டும்.

புறப்படுமுன்

கோயில், பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம், மருத்துவமனை ஆகிய இடங்களில் எந்தப் பெட்டியையும் மறைத்துவைக்காதீர்கள். கேட்பாரற்ற பெட்டி ஒன்று பெரும் பதற்றத்தை உண்டாக்கிவிடும். கேள்வியும் விடையும் போதும்.

அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தூரத்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச முடியாதபடி மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி என்று பொருள். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், வியர்வை தோன்றினால் அங்கேயே அமர்ந்து 108ஐ அழையுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். கடற்கரை மணலும், கோயில் வெளிப்பிராகாரத்தின் சுடுகல்லும் உணர்ச்சி குன்றிய பாதத்தைத் தெரியாமலே புண்ணாக்கிவிடும். கோயிலுக்குள் காலைக் குளிர்ச்சியில் மட்டும் செல்லுங்கள். திரும்பியதும் உள்ளங்காலைப் பாருங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் சட்டைப்பையில் சிறிது சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருங்கள்.

வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். புதரிலும் பொந்திலும் கை விடாதீர்கள். செல்லும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். சாலையைக் கடக்கையில் திரையைப் பார்க்காதீர்கள்.

வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாளுக்கு முப்பது நிமிடமாக ஐந்து நாள்களில் அது நிறைவேறும். முதல் நாளே முப்பது வேண்டுவதில்லை. தெருமுனை வரை போதும்.

முதுநகர்ப் பெரியவர் இப்போது பேரனோடு சேர்ந்து நான்கு வழித்தடங்களுக்குக் கேள்விகள் எழுதித் தந்திருக்கிறார். கடலூரில் இரண்டு, சிதம்பரத்தில் இரண்டு; நான்கும் சக்கர நாற்காலி செல்லத்தக்க வழிகள். அத்தாள்கள் வரவேற்பு மேசையில் கிடைக்கும். பின்பக்கத்தில் தேதி, நேரம், உடல்நிலை எழுதக் கட்டங்கள் உள்ளன. அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, விடை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அந்தப் பின்பக்கத்தை நிரப்பி மறவாமல் எடுத்து வாருங்கள்.