அலுமாரியில் உறங்கும் ஒளிநாடாக்களைக் காப்போம்



திருமணம், அரங்கேற்றம், பிறந்தநாள், இப்பள்ளியின் முந்தைய ஆண்டு விழாக்கள் எனப் பல நிகழ்வுகளைத் தாங்கிய ஒளிநாடாக்கள் எம் வீடுகளில் உறங்குகின்றன. "ஆறுதலாகப் பார்ப்போம்" என்று அவற்றை ஒதுக்கி வைத்திருக்கின்றோம். நாடாவிற் படிந்துள்ள காந்தப் பதிவு நாளடைவில் நலிவுறும் தன்மையது. ஊரில் 'டெக்' என்று நாம் அழைத்த இயந்திரமும் அருகி வருகின்றது. 1976இல் யப்பானில் அறிமுகமான விஎச்எஸ் முறைக்குரிய இயந்திரங்களை நெடுங்காலம் உற்பத்தி செய்து வந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 யூலையுடன் அதனை நிறுத்திவிட்டது. ஆகவே, இந்நாடாக்களைக் கணினிக்கு மாற்றும் முறையையும் அதில் நேரும் இடர்களைக் களையும் வழிகளையும் இங்கு விளக்க முற்படுகின்றேன்.

சென்ற ஆண்டு எம் மாணவி ஒருத்தியின் அம்மம்மா ஒரு நாடாவைக் கொணர்ந்தார். 1988இல் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற அவரது திருமணப் பதிவு அது. ஊரிலிருந்த பிரதி 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் வீட்டோடு போயிற்று. இலண்டனில் வாழும் தம்பிக்கு முன்னரே அனுப்பிய பிரதி மட்டும் எஞ்சியது. "லண்டனிலை நல்லாத்தான் ஓடினது. இஞ்சை கொண்டுவந்து போட்டால் படம் உருளுது, நிறமும் இல்லை. பழுதாப் போச்சுது மாஸ்ரர். எறியவும் மனம் வரேல்லை" என்றார்.

நாடா பழுதடையவில்லை. இலங்கை, இந்தியா, பிரித்தானியா ஆகிய நாடுகளில் 'பால்' எனும் ஒளிபரப்பு முறை வழங்கியது. (மாணவர்களே, சிரிக்க வேண்டாம், இது பசும்பால் அன்று!) அதில் ஒரு படத்திற்கு 625 கோடுகள், வினாடிக்கு 25 படங்கள். கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வழங்கியதோ 'என்ரிஎஸ்சி' முறை. அதில் 525 கோடுகள். வினாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். ஒரு முறைக்கென அமைந்த இயந்திரம் மற்றையதைப் படிக்க அறியாது. இரு முறைகளையும் படிக்கவல்ல பன்முறை இயந்திரம் ஒன்றை இரவல் பெற்றோம். திருமணம் நிறத்தோடு தெரிந்தது. எனவே, கனடாவில் ஓடாத நாடாவை எறியுமுன் அது எந்த நாட்டிற் பதிவானது என்று கேளுங்கள்.

ஓட்டுவதற்கு முன்

நாடாவின் சிறு கண்ணாடிச் சாளரத்தினூடே உற்றுப் பாருங்கள். வெண்மையான தூள் தென்படின் அது பூஞ்சணம். அதனை ஒருபோதும் ஓட்டலாகாது. நாடா கிழியக்கூடும், பூஞ்சணம் இயந்திரத்திற் படிந்து அடுத்த நாடாக்களுக்கும் பரவும். அதனைத் தனியே பையிலிட்டுத் தொழில் அறிந்தவரிடம் ஒப்படைத்தல் நன்று.

குளிர்காலத்தில் வாகனத்தில் எடுத்து வந்த நாடாவை உடனே இயந்திரத்தில் இடாதீர்கள். உள்ளே ஈரம் கசிந்து நாடா ஒட்டிக்கொள்ளும். சில மணி நேரம் அறையில் வைத்திருங்கள். பின்புறத்திலுள்ள சிறு பிளாஸ்ரிக் தகட்டை உடைத்துவிட்டால் தவறுதலாக மேற்பதிவு ஆகாது. பின்னர் நாடாவை ஒருமுறை இறுதிவரை ஓட்டி மீளச் சுற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

கணினிக்கு மாற்றும்போது

விஎச்எஸ் இயந்திரத்தைக் கணினியோடு இணைக்க ஒரு பதிவுக் கருவி தேவை. 'பால்' நாடாவாயின் மென்பொருளிலும் அதனையே தெரிவு செய்க: அகலம் 720, உயரம் 576 புள்ளிகள், வினாடிக்கு 25 படங்கள். மினி டிவி எனும் சிறு நாடாவிலுள்ள பதிவு முன்னரே எண்முறையில் அமைந்தது. அதனைக் கமராவிலிருந்து 'ஃபயர்வயர்' கம்பி வழியே அப்படியே எடுக்கலாம். ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 13 கிகாபைற் இடம் வேண்டும்.

இப்போது பலரும் முறையிடும் இடர்களைப் பார்ப்போம்.

வாய் அசைவுக்குப் பின்னால் குரல் வருகின்றதா? கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 90,000 படங்கள். ஆயிரத்துக்கு ஒன்று தவறினாலும் 90 படங்கள் குறையும், அது 3.6 வினாடி. படம் குறைய ஒலி குறையாதிருப்பின் இரண்டும் விலகும். ஏனைய மென்பொருள்களை மூடுங்கள்; கணினி உறங்காதவாறு அமையுங்கள்; போதிய இடமுள்ள வன்தட்டிற் பதியுங்கள். அப்படியும் தவறின் நாடாவின் சமிக்ஞையே தளம்புகின்றது எனலாம். அதனைச் சீராக்க 'ரைம் பேஸ் கரெக்ரர்' எனும் கருவி உதவும்.

இடையிடையே நீலத்திரை தோன்றிப் பதிவு அறுகின்றதா? சமிக்ஞை நலிவுற்றால் சில இயந்திரங்கள் தாமே நீலத்திரையைக் காட்டும். இயந்திரத்தின் அமைப்புப் பட்டியலில் அதனை நிறுத்திவிடுங்கள்.

அசையும் உருவங்களின் ஓரம் சீப்புப் பற்கள் போலத் தெரிகின்றதா? இது பழுதன்று. பழைய முறையில் ஒற்றை எண் கோடுகளும் இரட்டை எண் கோடுகளும் மாறிமாறிப் பதிவாயின. மூலக் கோப்பை அவ்வாறே வைத்து, உறவினருக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் அதனைச் சீர்செய்க. அகன்ற திரையை நிரப்பும் பொருட்டுப் படத்தை இழுத்து நீட்டவும் வேண்டாம். மெலிந்த மாப்பிள்ளையும் பருத்துவிடுவார்!

தொகுக்கும்போது

தொகுப்பு மென்பொருளைத் திறந்ததும் படங்கள் எல்லாம் மறைந்து சிவப்பு எச்சரிக்கை தோன்றின் பதறாதீர்கள். திட்டக் கோப்பினுள் படங்கள் இருப்பதில்லை. அவை இருக்கும் இடத்தின் முகவரியே உள்ளது. கோப்புறையை இடம் மாற்றியிருப்பீர்கள். புதிய இடத்தைக் காட்டினால் யாவும் மீளும்.

தமிழிற் தலைப்பிடும்போது கொம்பும் அரவும் இடம் மாறி நிற்பதுண்டு. தமிழ் எழுத்துக்களைக் கோக்க அறியாத மென்பொருளின் குறை அது. 'பாமினி' போன்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதியது அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக்களாய்ச் சிதறும். யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். அதுவும் பயன்தராவிடின், தலைப்பை வேறொரு மென்பொருளில் எழுதிப் படமாகச் சேமித்து இணைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் முதன்மையானது, மூலக் கோப்பில் கைவைக்காமை. அதன் பிரதியிலேயே வெட்டுங்கள், ஒட்டுங்கள்.

பிரதிகள்

நாடாவிலிருந்து நாடாவுக்கு எடுத்த பிரதி ஒவ்வொரு முறையும் மங்கும். எண்முறைக் கோப்பின் பிரதி மங்காது. ஆகவே மூன்று பிரதிகள் எடுங்கள். அவற்றை இரு வேறு வகைச் சாதனங்களில் வையுங்கள். ஒன்றேனும் வேறு ஊரில் இருக்கட்டும். ஊரில் இருந்தது அழிய இலண்டனில் இருந்தது எஞ்சிய கதையை முன்னர் கூறினேன். மாற்றி முடிந்த பின்னும் மூல நாடாவை எறிய வேண்டாம்.

அன்று அம்மம்மாவின் தந்தையார் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும் காட்சி வந்தது. அவர் இன்று இல்லை. அவருடைய ஒளிப்படம் ஒன்றும் எஞ்சவில்லை. மாணவி தன் பூட்டனை அன்றுதான் முதன்முதலிற் கண்டாள். பின்னர் படத்தை நிறுத்தி நிறுத்தி, பந்தலில் நின்ற ஒவ்வொருவரின் பெயரையும் அம்மம்மா சொல்ல, அவள் தமிழில் எழுதினாள். நாற்பத்தொரு பெயர்கள். ஐவரை மட்டும் அம்மம்மாவுக்கு நினைவில்லை.

கணினி, முகங்களை மீட்டுத் தரும். பெயர்களைச் சொல்ல முதியோரே வேண்டும். மாணவச் செல்வங்களே, இவ்விடுமுறையில் ஒரு நாடாவையும் ஒரு கொப்பியையும் எடுத்துக்கொண்டு உங்கள் அம்மம்மாவின் அருகில் அமருங்கள்.