சாரைக்கு இரை எலியே, பால் அல்ல

நெற்பயிர் சூல் கட்டும் சமயத்தில் எலித் தொல்லை மிகும். தூர்களை வெட்டிச் சாய்ப்பதோடு, முற்றிய கதிர்களையும் வளைக்குள் இழுத்துச் சென்று சேர்த்துவிடும். இந்த எலிகளைக் கூலியின்றிப் பிடித்துத் தருவது சாரைப்பாம்பு. ஆறடிக்கு மேலும் வளரும் இதற்கு நஞ்சு கிடையாது. வளைக்குள் புகுந்தே எலியைப் பிடித்து முழுதாக விழுங்கிவிடும். பூனையாலும் ஆந்தையாலும் இது முடியாது.

பால் வேண்டாம்

பாம்புக்குப் பால் வார்ப்பது நம் பக்கத்தில் நெடுநாளைய வழக்கம். ஆனால் பாம்பு, பால் குடித்து வளரும் இனம் அல்ல. பால் அதற்குச் செரிக்காது. பாம்பாட்டியின் கூடைப் பாம்பு பாலைக் குடிப்பது, பல நாள் நீரின்றிக் கிடந்த தாகத்தால்தான். சாரைக்குத் தேவை இரையும் நீரும் மட்டுமே. இரண்டும் வயலிலேயே உள்ளன.

இரையில் விஷம்

சாரையைக் காப்பது என்றால் அதன் இரையைக் கெடுக்காதிருப்பதுதான். புரோமோடயலோன் கலந்த விஷ உணவைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தளர்ந்து திரியும். அதைப் பிடித்துத் தின்னும் சாரைக்கும் ஆந்தைக்கும் அந்த விஷம் சேரும். எலியின் சினைக்காலம் சுமார் 3 வாரமே. ஆகவே தப்பிய எலிகள் விரைவில் பெருகிவிடும். சாரை அவ்வளவு வேகமாகப் பெருகாது. அடுத்த போகத்தில் நஷ்டம் விவசாயிக்கே.

செய்ய வேண்டியவை

1. பயிர் இளசாக உள்ளபோதே தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலிகளைப் பிடிக்கவும்.

2. வரப்புகளைக் குறுகலாக அமைக்கவும். அகன்ற வரப்பே எலி வளைக்கு வசதி.

3. விஷ உணவு வைத்தே தீரவேண்டுமெனில், செத்த எலிகளை நாள்தோறும் பொறுக்கி ஆழப் புதைக்கவும்.

4. இரை விழுங்கிய சாரையை விரட்ட வேண்டாம். மிரண்டால் விழுங்கியதைக் கக்கிவிடும்.

5. வேலியில் பழைய நைலான் வலை தொங்கினால் அகற்றவும். பாம்புகள் அதில் சிக்கி மடிகின்றன.

எச்சரிக்கை

எலி வளையில் நல்லபாம்பும் தங்கும். வளைக்குள் கை விடக்கூடாது. எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டால் விலகி நிற்பதே நலம். கடிபட்டவரை உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சாரையைக் கொல்வதும் பிடித்து அடைத்து வளர்ப்பதும் குற்றம். அதை வரப்பிலேயே விட்டுவைப்பதுதான் பயிருக்கும் பாதுகாப்பு.