180 லிட்டரின் கணக்கு

ஒரு நாளில் நம் இரு சிறுநீரகங்களும் ரத்தத்திலிருந்து வடித்தெடுக்கும் நீர் சுமார் 180 லிட்டர். நாம் கழிக்கும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர் அளவுதான். மிச்சமெல்லாம் திரும்பவும் ரத்தத்துக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. இந்தக் கணக்கு பிடிபட்டால் சிறுநீரகத்தின் வேலை பாதி விளங்கிவிடும்.

கழிவை மட்டும் பொறுக்கி வெளியே தள்ளும் வடிகட்டி என்றுதான் பலரும் நினைக்கிறோம். நடப்பது வேறு. போகிக்கு முந்தின நாள் வீட்டுச் சாமான் அத்தனையையும் வாசலில் எடுத்துப் போட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே கொண்டுபோய் வைக்கிறோமே, அதுபோலத்தான் இதுவும். நீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் முதலில் வெளியே வந்துவிடும். பிறகு உடலுக்கு வேண்டியவை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொள்ளப்படும். இப்படிச் செய்வதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. உடல் இதுவரை கண்டிராத ஒரு பொருள் ரத்தத்தில் கலந்தாலும், அதை எடுத்துக்கொள்ள ஆளில்லை என்பதாலேயே அது பெரும்பாலும் வெளியேறிவிடும்.

முதுகெலும்பின் இருபுறமும், கடைசி விலா எலும்புகளின் மறைவில் சிறுநீரகங்கள் இருக்கின்றன. மேலே கல்லீரல் இருப்பதால் வலது சிறுநீரகம் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். ஒவ்வொன்றும் 150 கிராம் எடை அளவில் இருக்கும். இவ்வளவு சிறிய உறுப்புகளுக்கு, இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் போகிறது. ஒவ்வொன்றின் உள்ளேயும் நெஃப்ரான் எனும் நுண்வடிகட்டிகள் ஏறத்தாழ பத்து லட்சம். ஒவ்வொரு நெஃப்ரானின் தொடக்கத்திலும் மெல்லிய ரத்த நாளங்கள் முடிச்சாகச் சுருண்டிருக்கும். அதைச் சூழ்ந்து ஒரு கிண்ணம். 1842இல் வில்லியம் பௌமன் இதை விளக்கியதால் கிண்ணத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் இந்த முடிச்சைத் தாண்டுவதில்லை. தாண்டி வந்த நீர் நீண்ட நுண்குழாயில் ஓடும்போது, முதல் பகுதியிலேயே மூன்றில் இரண்டு பங்கு நீரும் உப்பும் திரும்ப எடுக்கப்படுகின்றன. ஆரோக்கியமான உடலில் சர்க்கரை அநேகமாக முழுவதும் அங்கேயே மீட்கப்பட்டுவிடும். கடைசிப் பகுதியில் எவ்வளவு நீரை மீட்பது என்பதை மூளையிலிருந்து வரும் ஹார்மோன் சொல்கிறது. வெயிலில் அலைந்து வந்த நாளில் சிறுநீர் அடர்மஞ்சளாக இருப்பது அந்த உத்தரவால்தான்.

சிறுநீரகத்தின் வேலை இதோடு நிற்பதில்லை. ரத்த அழுத்தத்தைச் சீராக்குவது, எலும்பு மஜ்ஜையை ரத்தச் சிவப்பணுக்கள் உண்டாக்கத் தூண்டுவது, வைட்டமின் டி-யைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுவது ஆகியவையும் அதன் பொறுப்புகள். சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தசோகை வருவதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் சுமார் 25 செ.மீ. நீளம். அதன் தசைகள் அலையலையாகச் சுருங்கிச் சிறுநீரைத் தள்ளுவதால், நாம் படுத்திருந்தாலும் அது சிறுநீர்ப்பைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இந்தக் குறுகலான குழாயில் ஒரு கல் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மேலே சிறுநீர் தேங்கிக் குழாய் விரிய, தசைகள் கல்லை எதிர்த்துச் சுருங்க, இடுப்பிலிருந்து தொடை இடுக்குவரை வலி பாயும். கல்லடைப்பு வந்தவர்கள் அந்த வலியை மறக்கமாட்டார்கள். கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். கால்சியம் என்றதும் பாலையும் தயிரையும் நிறுத்திவிடுகிறார்கள், அது தவறு. உணவில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்கிறது. அது குறைந்தால் ஆக்சலேட் அதிகமாக ரத்தத்தில் ஏறும். குறைக்க வேண்டியது உப்பை. கூட்ட வேண்டியது தண்ணீரை: ஒருமுறை கல் வந்தவருக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீராவது போக வேண்டும்.

சிறுநீர்ப்பை 400 முதல் 500 மி.லி. வரை தாங்கும். அங்கிருந்து வெளியேறும் பாதை ஆண்களுக்கு 20 செ.மீ. அளவு, பெண்களுக்கு 4 செ.மீ.தான். குடலில் வாழும் ஈ.கோலை கிருமி அந்தச் சிறு தூரத்தை எளிதில் கடந்துவிடுவதால்தான் நீர்க்கடுப்பு பெண்களை அதிகம் வாட்டுகிறது. உடலமைப்பை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சுத்தமான கழிப்பறை இல்லை என்பதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பள்ளி மாணவிகளையும் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களையும் நாம் அறிவோம். இது அவர்கள் தவறல்ல. கழிப்பறை கட்டித்தர வேண்டியவர்களின் தவறு. ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கிப் பாதையை நெருக்கலாம். வயதாகிவிட்டது என்று பொறுத்துக்கொள்ளாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கல்லும் கடுப்பும் வலித்துத் தங்களைக் காட்டிக்கொள்ளும். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அப்படியல்ல. ஒரு சிறுநீரகத்தைத் தானம் செய்தவர் மற்றொன்றை வைத்து நலமாக வாழ முடிகிறது. அந்த அளவுக்கு இந்த உறுப்பில் உபரித் திறன் உண்டு. அதே உபரிதான் நோயையும் மறைக்கிறது. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறுவது தெளிவாகத் தெரிவதற்குள் பாதித் திறன் போயிருக்கலாம். கால் வீக்கம், பசியின்மை, மூச்சுத்திணறல் எல்லாம் இன்னும் பிந்தியே வரும். சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமும் முதன்மைக் காரணங்கள். மருந்துக் கடையில் தானாக வாங்கி நாள்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகளும் கெடுதல் செய்யும். இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதி விவசாயிகளிடம் இவை எதுவும் இல்லாமலே சிறுநீரகம் கெடும் நோய் 1990களிலிருந்து பரவியிருக்கிறது. வெப்பம், நீர்ச்சத்துக் குறைவு, குடிநீர், பூச்சிமருந்து எனப் பலவற்றின் மீதும் சந்தேகம் உண்டு. ஒரே காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை.

கெட்ட பிறகு என்ன வழி? நெதர்லாந்தின் காம்பென் நகரில், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் செலோஃபேன் குழாயைச் சுழலும் உருளையில் சுற்றி, ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் இயந்திரம் செய்தார். 1943இல் தொடங்கிய சிகிச்சையில் ஆரம்ப நோயாளிகளில் பெரும்பாலோர் இறந்தனர். 1945இல்தான் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தார். 1954இல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே, முற்றிலும் ஒத்த இரட்டையரிடையே சிறுநீரக மாற்று அறுவையில் வென்றார். இந்தியாவில் அந்த வழியைத் திறந்தது வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, 1971இல். ஆயினும் இன்றைய டயாலிசிஸ் பொதுவாக வாரம் மூன்று முறை, நான்கு மணி நேரம்தான். அசல் சிறுநீரகம் இரவு பகலாகச் செய்வதை அது ஈடுசெய்வதில்லை.

உங்கள் வீட்டில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர் இருந்தால், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் இரண்டையும் ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் பார்த்துவிடுங்கள். அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம்.