மூன்றாம் தரம் சொல்ல ஆளில்லாத ஏலம்

சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் புதிதாக வந்து இறங்குகிற தமிழ்க் குடும்பங்களில், பழைய பொருள் வாங்காமல் முதல் வருடத்தை ஓட்டின வீடு மிகக் குறைவு. வீட்டுக்குப் பாண்டு கட்டி, வாடகை கட்டி, பிள்ளைகளுக்குக் குளிர் ஜாக்கெட் வாங்கி முடித்தபின் கையில் மிஞ்சுகிறதை வைத்துத்தான் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், சாப்பாட்டு மேசை, குழந்தைக்குக் கட்டில் எல்லாம் தேட வேண்டும். சிட்னியில் கவுன்சில் கிளீனப், மெல்பர்னில் ஹார்ட் ரப்பிஷ் என்று தெருவோரம் வைப்பதில் கொஞ்சம் கிடைக்கும். சபையில் யாராவது கொஞ்சம் கொடுப்பார்கள். மீதிக்கு இணையச் சந்தைதான். அதிலும் ஏலத்தில் எடுத்தால் மலிவு என்று நினைக்காதவர் இல்லை.

நாங்களும் அப்படிக் குடித்தனம் தொடங்கினவர்கள்தான். நர்ஸ் வேலை, ஷிஃப்ட் டியூட்டி. கடை திறந்திருக்கும் நேரத்தில் தூங்குகிற வீட்டுக்கு, ராத்திரி 2 மணிக்கும் திறந்திருக்கும் சந்தை வசதியாகத்தான் இருந்தது. வாங்கினோம், விற்றோம், இன்றும் இரண்டும் செய்கிறோம். வாலிபர் கூடுகையில், "அக்கா, அங்கே வாங்கலாமா?" என்று கேட்கிற பிள்ளைகளிடம் வாங்கலாம் என்றுதான் சொல்லுகிறோம். ஆனால் எங்கெங்கே எரிச்சல் வரும், எங்கே பணம் போகும், எங்கே உயிருக்கே ஆபத்து என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்கிறோம்.

ஏலம் நமக்குப் புதிதல்ல. ஊரில் அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் ஏலம் நடக்கும். சேவல், பூசணிக்காய், வாழைக்குலை, பலாப்பழம். சந்தை விலையைப் போல மூன்று மடங்கு, நான்கு மடங்குக்குக் கேட்பார்கள். எடுத்தவரே அதைத் திரும்பக் கொடுத்து மறு ஏலம் விடச் சொல்வதும் உண்டு. அங்கே யாரும் கேட்டுவிட்டு ஓடிப்போக முடியாது. அடுத்த ஞாயிறு அதே பெஞ்சில்தானே உட்கார வேண்டும்? இணைய ஏலத்தில் இது அப்படியே தலைகீழ். கேட்கிறவர் யார், விற்கிறவர் யார், ஒருவருக்கும் தெரியாது. எல்லா எரிச்சலும் அங்கேயிருந்துதான் தொடங்குகிறது.

1995இல் பியர் ஒமிடியார் அமெரிக்காவில் ஒரு ஏலத் தளத்தைத் தொடங்கினார். அதுதான் பிறகு ஈபே ஆனது. முதலில் விற்ற பொருள் உடைந்துபோன ஒரு லேசர் பாயிண்டர், விலை 14.83 டாலர். உடைந்த பொருள் என்று தெரிந்துதான் எடுத்தீர்களா என்று அவர் கேட்டாராம். உடைந்த லேசர் பாயிண்டர்களைத்தான் சேர்க்கிறேன் என்று பதில் வந்ததாம். உடைந்ததை உடைந்தது என்றே எழுதி விற்ற அந்தக் காலம் சீக்கிரம் முடிந்துவிட்டது போலிருக்கிறது.

இட்லி மாவு ஆட்ட ஒரு டேபிள்டாப் கிரைண்டரை நாங்கள் இணைய ஏலத்தில் எடுத்தோம். 'நன்றாக ஓடும்' என்று எழுதியிருந்தது. போட்டிருந்த படம் கம்பெனியின் படம். வீட்டுக்கு வந்ததும் பார்த்தால், மோட்டார் ஓடுகிறது, பாத்திரம் சுற்றுகிறது, மூன்று உருளைக் கல்லில் ஒன்றைக் காணோம். கேட்டதற்கு, "ஓடும் என்றுதானே எழுதினேன்" என்று பதில். (கிரைண்டர் விற்கிறவர் யாராக இருக்க முடியும்? நம் ஊர்க்காரர்தான்.)

இதைப் பற்றி ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970இலேயே ஒரு கட்டுரை எழுதினார். பழைய காரின் குறை விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. எனவே வாங்குகிறவர் எல்லாக் காரையும் சந்தேகப்பட்டுக் குறைத்தே கேட்கிறார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருக்கிறவருக்குக் கட்டுப்படியாகாது, அவர் சந்தையை விட்டே போய்விடுகிறார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது ஓட்டைக் கார்கள்தான். இந்தச் சிந்தனைக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. நன்றாக வைத்திருந்த சோபாவை ஏன் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள் என்று வருத்தப்படுகிறவர்களுக்கு இதுதான் பதில். நமக்கு முன்னால் பொய் சொல்லி விற்றவரின் கடனை நாம் அடைக்கிறோம்.

இதற்கு மருந்தாகத்தான் விற்றவரும் வாங்கினவரும் ஒருவருக்கொருவர் ஃபீட்பேக் எழுதும் முறையை வைத்தார்கள். அதிலும் பழிவாங்கல் புகுந்தது. நீ எனக்குக் கெட்டது எழுதினால் நான் உனக்கு எழுதுவேன் என்ற பயத்தில் வாங்கினவர்கள் உண்மையை எழுதவில்லை. 2008இல், வாங்குகிறவருக்கு விற்கிறவர் கெட்ட ஃபீட்பேக் கொடுக்கக்கூடாது என்று ஈபே சட்டத்தை மாற்றியது. இப்போது விற்கிறவர்கள் புலம்புகிறார்கள்: ஏலத்தில் எடுத்துவிட்டுப் பணமும் கட்டாமல் காணாமல் போகிறவரைப் பற்றி மற்ற விற்பனையாளர்களை எச்சரிக்க வழியில்லை. அதே வருடம் ஆஸ்திரேலியாவில், நேரில் வந்து காசு கொடுத்து எடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பேபால் வழியாகத்தான் பணம் கட்ட வேண்டும் என்று ஈபே சொன்னது. பேபால் அப்போது அவர்களுடைய கம்பெனிதான். நுகர்வோர் ஆணையமான ஏசிசிசி எதிர்ப்புத் தெரிவித்ததும் ஜூலையில் திட்டத்தைக் கைவிட்டார்கள். கேள்வி கேட்டால் சில நேரம் பலன் உண்டு.

இனி கடைசி நிமிடக் கதை. ஐந்து நாள் ஒரு மேசையைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருப்போம். முடிய 4 நொடி இருக்கும்போது எங்கிருந்தோ ஒருவர் ஒரு டாலர் கூட்டிக் கேட்டு எடுத்துப் போய்விடுவார். எல்லாருக்கும் நடந்திருக்கும். இதை ஆல்வின் ராத், ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு அறிஞர்கள் ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். ஈபே ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும். அமேசான் அந்த நாளில் நடத்தின ஏலமோ, கடைசியில் யாராவது கேட்டால் மேலும் 10 நிமிடம் நீளும். கடைசி நேரத்தில் பாய்கிறவர்கள் ஈபேயில்தான் மிக அதிகம். ஊர் ஏலத்தில் "ஒருதரம், ரெண்டுதரம்" என்று இழுத்து, இன்னும் குரல் வருகிறதா என்று நாலு பக்கமும் பார்த்த பிறகே "மூணுதரம்" சொல்வார்கள் அல்லவா? அந்த ஞானம் கடிகாரத்துக்குக் கிடையாது.

ஆனால் இதில் கோபப்படாமல் இருக்க ஒரு வழி உண்டு. ஈபே முறையில் நாம் சொல்லும் உச்ச விலையைத் தளம் தனக்குள் வைத்துக்கொண்டு, அடுத்தவரை மிஞ்சத் தேவையான அளவுக்கு மட்டுமே ஏற்றும். நாம் 120 டாலர் என்று போட்டு, அடுத்தவரின் உச்சம் 80 என்றால், நாம் கட்டுவது 80க்குக் கொஞ்சம் மேலேதான். ஆகையால் அந்தப் பொருள் நமக்கு எவ்வளவு பெறும் என்று ஒரே தடவை யோசித்து, அந்தத் தொகையைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். அதற்கு மேல் கேட்டவர் எடுத்துக்கொள்ளட்டும். ஐந்து ஐந்து டாலராக ஏற்றிக்கொண்டு போகிறவர்தான் புதுசின் விலைக்குப் பழசை வாங்குகிறார்.

ஏலத்தில் கேட்பது விளையாட்டல்ல என்று ஆஸ்திரேலிய நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மெல்பர்னில் கட்டப்பட்ட விர்ராவே என்ற பயிற்சி விமானங்களில் ஒன்று, 2006 ஆகஸ்டில் ஈபேயில் ஏலத்துக்கு வந்தது. குறைந்தபட்ச விலை 150,000 டாலர். ஏலம் முடியும் தறுவாயில் ஒருவர் சரியாக அந்தத் தொகையைக் கேட்டார். ஏலம் முடிந்தது. ஆனால் விற்கிறவர் அதற்குள் வேறொருவரிடம் 100,000 டாலர் கூடுதலாகப் பேசி முடித்திருந்தார். இணைய ஏலம் உண்மையான ஏலமல்ல, அதனால் நான் கட்டுப்பட்டவனல்ல என்பது அவர் வாதம். நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஏலம் முடிந்தபோதே ஒப்பந்தம் உண்டாகிவிட்டது, விமானத்தை ஏலத்தில் எடுத்தவருக்கே கொடுக்க வேண்டும் என்று 2007 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

விமானத்துக்கு வழக்குப் போடலாம். 40 டாலர் மேசைக்கு யார் போடுவார்? ஏலத்தில் எடுத்துவிட்டு, "வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார்" என்று ஒரு வரி அனுப்பி மறைகிறவரும் வாக்கு மீறுகிறவர்தான். சட்டம் அவரைத் தேடி வராது, அவ்வளவே. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இணையத்தில் வியாபாரமாக விற்கிறவர் தரத்துக்கு உத்தரவாதம் தர ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி கடமைப்பட்டவர். வீட்டுப் பொருளை எப்போதாவது விற்கிற தனி ஆளுக்கு அந்தக் கடமை இல்லை. பொருள் அவருடையதாக இருக்க வேண்டும், அதன்மேல் சொல்லாத கடன் இருக்கக்கூடாது, இவ்வளவுதான். பழைய கார் வாங்கும் தம்பிமார், 2 டாலர் கட்டி பிபிஎஸ்ஆர் பதிவேட்டைப் பாருங்கள். காரின்மேல் கடன் நிலுவை இருந்தால் அதில் தெரியும்.

விற்கும்போது வரும் எரிச்சல் வேறு ரகம். "இது இருக்கிறதா?" என்று பத்துப் பேர் கேட்பார்கள். இருக்கிறது என்றால் ஒன்பது பேரிடமிருந்து மறுமொழி வராது. பத்தாமவர், "கடைசி விலை என்ன?" என்பார். காலை 9 மணிக்கு வருகிறேன் என்று ஒருவர் சொன்னதை நம்பி, நைட் டியூட்டி முடித்து வந்து, தூங்காமல், வாஷிங் மெஷினை வாசலுக்கு நகர்த்தி வைத்துக்கொண்டு பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்திருக்கிறோம். வரவும் இல்லை, வரவில்லை என்ற செய்தியும் இல்லை. அன்று ராத்திரி மறுபடியும் டியூட்டி. வரமுடியாது என்று எழுத பத்து நொடி ஆகுமா? வந்து பொருளைக் குறை சொல்லிக் குறை சொல்லி விலையைக் குறைத்து, வெளியே போனதும் மலிவாக முடித்தேன் என்று பெருமை பேசுகிறவரை நீதிமொழிகள் 20ஆம் அதிகாரமே கண்டுவிட்டது. மனிதர் மாறவில்லை.

எரிச்சலோடு போனால் பரவாயில்லை, பணமும் போகும் வழி ஒன்று இருக்கிறது. பொருளைப் பார்க்காமலே, பேரம் பேசாமலே, "அண்ணன் வந்து எடுத்துக்கொள்வார், பேஐடி மூலம் பணம் அனுப்புகிறேன்" என்று ஒருவர் எழுதுவார். சிறிது நேரத்தில் ஒரு மின்னஞ்சல் வரும்: உங்கள் கணக்கை பிசினஸ் கணக்காக மாற்ற வேண்டும், வாங்குகிறவர் அதற்காக 500 டாலர் கூடுதலாக அனுப்பியிருக்கிறார், அதை அவருக்குத் திருப்பி அனுப்புங்கள். எங்களுக்கும் வந்தது. எந்தப் பணமும் அனுப்பப்பட்டிருக்காது. திருப்பி அனுப்புகிற 500 மட்டும் உங்களுடையது. பேஐடி யாருக்கும் நேரடியாக மின்னஞ்சல் அனுப்பாது, அதற்குக் கட்டணமும் கிடையாது. பணம் வந்ததா என்பதை உங்கள் பாங்க் ஆப்பில் மட்டும் பாருங்கள். அனுப்பிவிட்டீர்களானால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே பாங்குக்குப் போன் செய்யுங்கள், பிறகு ஸ்காம்வாட்சில் பதியுங்கள். புதிதாக வந்த மாணவர்களுக்கு 500 டாலர் என்பது இரண்டு வாரச் சாப்பாடு, பெற்றோர் அனுப்பின பணம்.

இனி நர்ஸாகச் சொல்ல வேண்டியது. சபையில் இளம் தாய்மார் அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறோம்.

கைக்குழந்தையின் கார் சீட்டை முன்பின் தெரியாதவரிடம் ஏலத்தில் எடுக்காதீர்கள். ஒரு தடவை விபத்தில் மாட்டின சீட்டின் உள்ளே விரிசல் இருக்கலாம், துணியைப் போர்த்திப் படம் எடுத்தால் புதுசு போலத்தான் தெரியும். தயாரித்து 10 வருடம் தாண்டினதையும் பயன்படுத்த வேண்டாம் என்கிறார்கள். தேதி சீட்டிலேயே அச்சாகியிருக்கும், விளம்பரத்தில் யாரும் போடுவதில்லை. ஏஎஸ்/என்இசட்எஸ் 1754 என்ற ஆஸ்திரேலியத் தர முத்திரை கட்டாயம் வேண்டும். இந்தியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பாட்டி தாத்தா கொண்டுவந்த சீட் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், அந்த முத்திரை இல்லையென்றால் இங்கே அதில் பிள்ளையை ஏற்றிப் போவது சட்டப்படி தவறு.

குழந்தைக் கட்டில் என்றால் கையில் ஒரு அளவு நாடாவோடு போங்கள். கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 50 மில்லிமீட்டரிலிருந்து 95 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். மெத்தைக்கும் ஓரத்துக்கும் 20 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். பொம்மைகளில் பட்டன் பேட்டரி போடும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். திருகாணி இல்லாத மூடி என்றால் வேண்டாம். அந்தச் சிறு பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். ஆஸ்திரேலியா 2022 ஜூனில் இதற்குக் கட்டாயச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முந்தின பொம்மைகள்தான் இப்போது பழைய பொருளாக மலிவாக வருகின்றன. பிள்ளை விழுங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே 13 11 26 என்ற விஷத் தகவல் மைய எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இரவு பகல் பார்க்க வேண்டாம். மூச்சு விடச் சிரமப்பட்டால் 000.

நாம் விற்கும்போதும் இதே அளவு நாடாதான். எங்கள் பிள்ளை வளர்ந்துவிட்டது, கேப்ஸ்யூல் கராஜில் கிடக்கிறது. 10 வருடம் தாண்டிவிட்டது. போட்டால் யாராவது 30 டாலருக்கு எடுப்பார்கள், கேள்வியும் கேட்க மாட்டார்கள். அடுத்த கவுன்சில் கிளீனப்புக்கு அதை வெளியே வைக்கப் போகிறோம். வைப்பதற்கு முன் பெல்ட்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவோம். இல்லையென்றால் விடிவதற்குள் யாராவது எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் காரில் கட்டிவிடுவார்கள்.