கையேடு எழுதுவதும் பொறியியல்தான்

பொறியியல் படித்தவர் நிரல் எழுதுவதை விட்டுக் கையேடு எழுதும் வேலைக்குப் போனால், ‘கோடிங் வரவில்லை போலிருக்கிறது’ என்றுதான் முதலில் பேச்சு கிளம்புகிறது. சென்னை, பெங்களூரு மென்பொருள் நிறுவனங்களில் ‘டெக்னிக்கல் ரைட்டர்’ பதவி வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன; அதைப் படிப்புக்குக் கீழான வேலையாக எண்ணும் பழக்கம் மட்டும் போகவில்லை. இது தவறான கணிப்பு. ஒரு கருவியைப் பயன்படுத்துவோருக்கு விளங்கும்படி எழுதுவது, அதை உருவாக்கும் வேலையிலேயே ஒரு பகுதி. நம் பொறியியல் மாணவர்கள் பல தலைமுறைகளாகப் புரட்டிவரும் ஒரு புத்தகமே இதற்குச் சான்று.

பிரையன் கெர்னிஹன் 1969-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பெல் ஆய்வகத்தில் அவர் சேர்ந்தது ஆராய்ச்சிக்காக. அங்கே கென் தாம்சன் உருவாக்கிய ‘பி’ மொழியைச் சக ஊழியர்கள் கற்றுக்கொள்ள ஒரு சிறு பாடக்குறிப்பு எழுதினார். அடுத்து, டென்னிஸ் ரிட்சியின் ‘சி’ மொழிக்கும் 1974-இல் ஒன்று எழுதினார். அது வளர்ந்து, 1978-இல் இருவர் பெயரிலும் ‘தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்’ நூலானது. சி மொழியை வடிவமைத்ததில் தனக்குப் பங்கில்லை என்று கெர்னிஹனே சொல்லியிருக்கிறார். ஆனால் உலகம் அந்த மொழியைக் கற்றது அவர் எழுத்தின் வழியாகத்தான். முதல் பாடத்தைப் பாருங்கள்: ‘ஹலோ, வேர்ல்டு’ என்று திரையில் அச்சிடும் சில வரிகள், அவ்வளவே. புதிதாக வருபவரைத் தடுமாற வைப்பது கணக்கல்ல; நிரலை எங்கே தட்டச்சு செய்வது, எப்படிக் கம்பைல் செய்வது, விடை எங்கே வரும் என்பதுதான். அந்த மூன்றையும் தாண்டவைக்கும் மிகச் சிறிய நிரலைத் தேர்ந்தெடுப்பது மொழிநடைத் திறமை மட்டுமல்ல, வடிவமைப்பாளரின் தீர்ப்பு. அதே ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸுக்கு 1971 நவம்பரிலேயே கையேடு வந்துவிட்டது. அதில் கட்டளைகளின் பக்கங்களில் ‘குறைகள்’ என்றொரு பகுதி உண்டு. தன் நிரலின் குறையை ஊரறிய எழுதிவைக்க நேர்ந்தவர், அதற்குப் பதில் நிரலையே திருத்திவிட்டதும் அங்கே நடந்திருக்கிறது.

நன்றாகச் செய்த கருவிக்குக் கையேடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தை நினைத்துக்கொள்ளட்டும். 1985-க்கும் 1987-க்கும் இடையே ஆறு நோயாளிகள் அதனால் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் இறந்தார்கள். 1986 மார்ச்சில், டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகரில், திரையில் ‘கோளாறு 54’ என்று மட்டும் வந்தது. இயக்குநருக்குத் தந்த கையேட்டில் அந்த எண்ணுக்கு விளக்கமே இல்லை. அடிக்கடி ஏதாவது கோளாறு காட்டும் இயந்திரம் அது. இயக்குநர் வழக்கம்போல் ‘தொடர்’ விசையை அழுத்தினார். நோயாளி மீது இரண்டாம் முறையும் கதிர் பாய்ந்தது. மூலகாரணம் மென்பொருள் பிழை, மறுக்கவில்லை. ஆனால் 54 என்றால் என்ன, அது வந்தால் இயக்குநர் என்ன செய்ய வேண்டும் என்று எழுத ஒரு பொறியாளர் உட்கார்ந்திருந்தால், வடிவமைத்தவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டே தீரவேண்டியிருக்கும்.

எழுதப் போனவர் தொழில்நுட்பத்தை மறந்துவிடுவார் என்ற கவலையில் நியாயம் இருக்கிறது. கருவியைத் திறந்தே பார்க்காமல் வாக்கியங்களை மட்டும் மெருகேற்றுபவரின் கையேடு வெறும் சக்கை. கெர்னிஹன் அப்படி ஒதுங்கவில்லை. 1977-இல் ‘ஆக்’ மொழியை உருவாக்கிய மூவரில் அவரும் ஒருவர். இனி செயற்கை நுண்ணறிவே எழுதிவிடுமே என்பது இன்றைய கேள்வி. நிரல் என்ன செய்கிறது என்பதை அது வேகமாக விவரித்துவிடும். ஆனால் ‘இதை விளக்க முடியவில்லை, வடிவமைப்பை மாற்றுங்கள்’ என்று வடிவமைப்பாளர் முன் நின்று வாதாடுவதற்கு, அந்தப் பொறுப்பை ஏற்ற ஒரு மனிதர் வேண்டும்.

பொறியியல் கல்லூரிகள் ஒன்று செய்யலாம். இறுதியாண்டு புராஜெக்டை மாணவர் எழுதிய கையேட்டோடு ஒரு ஜூனியரிடம் கொடுங்கள். யாரிடமும் கேட்காமல் அவரால் அதை இயக்க முடிகிறதா என்று பார்த்து, அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.